நியூயார்க்ல பேஸ்பால் பாக்கணுமா? மூணு ஸ்டேடியம், தங்குறது ஒரே ஸ்டேஷன் பக்கத்துல

நியூயார்க்ல பேஸ்பால் பாக்கணும்னு நினைக்கிறவங்க முக்காவாசி பேர் முதல்ல ஃப்ளைட் போடுறாங்க, அப்புறம் ஹோட்டல், கடைசில தான் மேட்ச் என்னிக்குனு தேடுறாங்க. அதை அப்படியே தலைகீழா செய்யணும். ஷெட்யூல் முதல்ல, அதுக்கேத்த மாதிரி தங்குற இடம், ஃப்ளைட் கடைசில. இப்படி பண்ணா ஒரு வார லீவுக்குள்ள ஊரோட ரெண்டு பெரிய டீமான யாங்கீஸ், மெட்ஸ், கூடவே ப்ரூக்ளின் கடற்கரைல இருக்கிற கோனி ஐலண்ட்ல ஒரு சின்ன லீக் மேட்ச்னு மூணையும் ஓட்டமில்லாம நிதானமா பாத்துட்டு, அந்தந்த ஏரியாவையும் சுத்திட்டு வரலாம். நாங்க போன கோடைல அப்படித்தான் போனோம், அதுல கத்துக்கிட்டதை எல்லாம் இங்க எழுதுறேன்.

நாங்க இருக்கிறது நார்த் கரோலினாவுல, ராலே பக்கம். இந்த மாநிலத்துல மேஜர் லீக், அதாவது நாட்டோட உச்ச லீக்ல ஆடுற டீம் ஒண்ணு கூட கிடையாது, பக்கத்துல டர்ஹம் புல்ஸ் தான், அதுவும் ட்ரிபிள் ஏ, மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழ. எங்க பொண்ணு ஸ்கூல்ல சாஃப்ட்பால் ஆடுறா, அவளுக்கு பேஸ்பால்னா உயிர், ரொம்ப நாளாவே பெரிய ஸ்டேடியம் பாக்கணும்னு கேட்டுட்டே இருந்தா. அந்த சமயம் என் வைஃபோட அப்பா, அதாவது மாமா, பாளையங்கோட்டைல இருந்து எங்களோட இருக்க வந்திருந்தார், வயசு எழுபதைத் தாண்டிடுச்சு, கிரிக்கெட்னா ரேடியோ கமெண்ட்ரி காலத்துல இருந்து விடாம ஃபாலோ பண்றவர். அதனால எல்லா பிளானும் ஒரு பதினாலு வயசு பொண்ணையும் படி ஏறக் கஷ்டப்படுற ஒரு பெரியவரையும் மனசுல வச்சு தான் போட்டேன். தனியா போற பசங்களுக்கு இதுல பாதி தேவைப்படாது, ஆனா குடும்பத்தோட போறவங்களுக்கு கண்டிப்பா உதவும்னு நம்புறேன்.

ஷெட்யூல் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன். ஒரு டீமுக்கு ஒரு சீசன்ல 162 மேட்ச், அதுல 81 சொந்த ஊர்ல. அடுத்த வருஷ ஷெட்யூல் முந்தின வருஷமே வந்துடும், அதனால ஆறேழு மாசம் முன்னாடியே உக்காந்து பாக்க முடியும். பிரச்சினை என்னன்னா ஒரே ஊர்ல ரெண்டு டீம் இருக்கிறதால யாங்கீஸ் ஊர்ல இருந்தா பெரும்பாலும் மெட்ஸ் வெளியூர்ல இருக்கும், மெட்ஸ் திரும்பி வரும்போது யாங்கீஸ் கிளம்பிடும். ஒரு டீம் வந்தா ஆறுல இருந்து பத்து மேட்ச் வரைக்கும் தொடர்ந்து ஊர்ல ஆடும், அதுக்கப்புறம் கிளம்பிடும். அதனால ரெண்டு டீம் காலண்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு, ஒண்ணு முடியுற நாளும் இன்னொண்ணு தொடங்குற நாளும் எங்க ஒட்டி வருதுனு தேடணும், அந்த ஒட்டுற இடம் தான் உங்க ட்ரிப்போட நடுப்புள்ளி. ரெண்டு டீமும் ஒரே நேரத்துல ஊர்ல இருக்கிற நாளும் சிலது வரும், அது கிடைச்சா இன்னும் சுலபம்.

இன்னொண்ணு, புதன் இல்லனா வியாழன்ல மதியம் ஒரு மணி வாக்குல மேட்ச் வச்சிருப்பாங்க, ஆடி முடிச்சுட்டு டீம் அன்னிக்கே அடுத்த ஊருக்கு ஃப்ளைட் ஏறணும்ங்கறதுக்காக. அந்த மதிய மேட்ச் டூரிஸ்டுக்கு ரொம்ப வசதி, டிக்கெட் விலையும் வார இறுதியை விடக் குறைவா இருக்கும், சாயந்திரம் ஃப்ரீயா கிடைக்கும். திங்கள், வியாழன்ல நிறைய டீமுக்கு ரெஸ்ட் நாள் வரும், அதையும் பாத்துக்கோங்க. யாங்கீஸும் மெட்ஸும் ஒண்ணுக்கொண்ணு மோதுற சப்வே சீரிஸ் இருக்கே, அதுல ஒரே டிக்கெட்ல ரெண்டு டீமையும் பாத்துடலாமேனு தோணும், ஆனா விலை எகிறிடும், கூட்டமும் ஜாஸ்தி. முதல் தடவை போறவங்க அதைத் தவிர்க்கிறது நல்லதுனு நான் சொல்வேன், ஏன்னா அந்த ஒரு டிக்கெட் காசுல சாதாரண மேட்ச் ரெண்டு பாத்துடலாம்.

கோனி ஐலண்ட்ல ஆடுற ப்ரூக்ளின் சைக்ளோன்ஸ் கதை வேற. அவங்க ஆடுறது மைனர் லீக், மேஜர் லீக்குக்கு ஆட்டக்காரங்களைத் தயார் பண்ற கீழ் லீக். அதுல செவ்வாய்ல இருந்து ஞாயிறு வரைக்கும் ஒரே டீமோட ஆறு மேட்ச், திங்கள் லீவு. அதாவது அவங்க ஊர்ல இருந்தா அந்த வாரம் முழுக்க இருப்பாங்க, இல்லனா முழுக்க இருக்க மாட்டாங்க. அதனால மேஜர் லீக் தேதி ரெண்டைப் பிடிச்சதும் உடனே சைக்ளோன்ஸ் அந்த வாரம் ஊர்ல இருக்கானு பாருங்க, இல்லனா வாரத்தையே மாத்துங்க. நான் அப்படித்தான் மாத்தினேன்.

தங்குற இடம். எல்லாரும் டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் தான் ஹோட்டல் தேடுவாங்க. நான் சொல்றது குயின்ஸ்ல குயின்ஸ்போரோ பிளாசா ஸ்டேஷன் பக்கம், லாங் ஐலண்ட் சிட்டினு சொல்வாங்க. மேன்ஹாட்டனுக்கு ஆத்தைத் தாண்டினா போதும், எங்களுக்கு ரூம் வாடகையும் மேன்ஹாட்டனை விட நல்லாவே குறைஞ்சுது. முக்கியமான காரணம் ட்ரெயின். அந்த ஒரே ஸ்டேஷன்ல 7ம் நம்பர் ட்ரெயினும் வரும், ‘என்’ ட்ரெயினும் வரும். 7ம் நம்பர்ல ஏறினா நேரா மெட்ஸ் ஆடுற சிட்டி ஃபீல்ட் வாசல்ல இறங்கலாம், அதே 7ம் நம்பர்ல எதிர்த் திசைல போனா கிராண்ட் சென்ட்ரல்ல 4ம் நம்பருக்கு மாறி யாங்கி ஸ்டேடியம், ‘என்’ ட்ரெயின்ல உக்காந்தா மாறவே வேண்டாம், கடைசி ஸ்டாப் கோனி ஐலண்ட். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும் தான், ஆனா மாமாவுக்கு சீட் கிடைச்சுடுச்சு, ஜன்னல் வழியா ஊரைப் பாத்துட்டே வந்தார். ட்ரெயினுக்கு டிக்கெட் எடுக்க நிக்க வேண்டாம், கிரெடிட் கார்டை கேட்ல தட்டினா போதும், ஒரு தடவைக்கு 3 டாலர் வாக்குல. ஆளுக்கு ஒரு கார்டு வச்சு தினமும் அதே கார்டை தட்டுங்க, ஏன்னா வாரத்துல ஒரு அளவுக்கு மேல போனா மிச்சப் பயணம் ஃப்ரீ ஆயிடும், அந்தக் கணக்கு கார்டு வாரியா தான் ஓடும். சனி ஞாயிறுல தண்டவாள வேலைனு ட்ரெயினை வேற ரூட்ல விடுவாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி சப்வே நடத்துற எம்டிஏவோட ஆப்பைப் பாக்காம வெளிய வராதீங்க. பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறீங்கனா அதே ஆப்ல லிஃப்ட் இருக்கிற ஸ்டேஷன் எதுனு வீல்சேர் குறி போட்டிருக்கும், ரூட்டை அதை வச்சு முடிவு பண்ணுங்க.

டிக்கெட் எல்லாம் போன்ல தான், பேப்பர் கிடையாது. எம்எல்பி பால்பார்க் ஆப் போட்டுக்கோங்க, நாலு பேர் டிக்கெட்டும் ஒரே போன்ல இருந்தா ஒருத்தருக்கு பாத்ரூம் போயிட்டு வரவும் சிரமம், அதனால அவங்கவங்க போனுக்கு ஃபார்வர்ட் பண்ணிடுங்க. ரீசேல் சைட்ல மேட்ச் நெருங்க நெருங்க விலை இறங்கும், குறிப்பா வார நாள்ல, எதிர் டீம் சுமாரா இருந்தா. ஆனா நாலு சீட் சேர்ந்து வேணும்னா கடைசி நேரம் வரைக்கும் காத்திருக்காதீங்க, ஒண்ணு ரெண்டு சீட் தான் அப்ப மிஞ்சும். விலையை ஒப்பிடும்போது ஃபீஸ் எல்லாம் சேர்ந்த கடைசி விலையை மட்டும் பாருங்க.

எந்த சீட்? புதுசா பாக்குறவங்களுக்கு என் பதில் எப்பவும் ஒண்ணு தான், மேல் தளம், ஆனா பேட்ஸ்மேனுக்கு நேர் பின்னாடி. யாங்கி ஸ்டேடியத்துல 420, சிட்டி ஃபீல்ட்ல 514, இந்த செக்‌ஷன்களைச் சுத்தி. பந்து எப்படி வளையுது, ஃபீல்டர் எங்க நகர்ந்து நிக்கிறாங்க, ஒருத்தன் ரெண்டாவது பேஸ்ல (ஒரு ரன்னுக்கு சுத்தி வர வேண்டிய நாலு முனைல ஒண்ணு) இருந்து ஓடி வரும்போது மத்தவங்க எல்லாம் எங்க ஓடுறாங்க, இது மொத்தமும் அங்கிருந்து தான் தெரியும். கீழ் தளத்துல அவுட்ஃபீல்ட் ஓரம் காசு அதிகமா கொடுத்து உக்காந்தா பாதி ஆட்டம் ஸ்கிரீன்ல தான் பாப்பீங்க. ஒரே கஷ்டம், யாங்கி ஸ்டேடியம் மேல் தளம் நல்ல செங்குத்து, பெரியவங்களுக்கு அந்த தளத்துலயே கீழ் வரிசையா, நடைபாதையை ஒட்டின சீட்டா பாத்து எடுங்க. மதிய மேட்சுக்கு வெயில் கடுமையா இருக்கும், மேல கூரையோ அடுத்த தளமோ நீட்டிட்டு இருக்கிற பின் வரிசை தான் நிழல்.

இனி ஸ்டேடியம். யாங்கி ஸ்டேடியம் பிராங்க்ஸ்ல 161வது தெருவுல இருக்கு, 2009ல திறந்தது. 1923ல இருந்து 2008 வரைக்கும் இருந்த பழைய ஸ்டேடியம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், இப்ப அது பொது பார்க், பசங்க பேஸ்பால் ஆடிட்டு இருப்பாங்க, கேட் திறக்கிறதுக்கு முன்னாடி அங்க ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. உள்ள போனதும் நேரா மான்யுமென்ட் பார்க் போயிடணும், சென்டர் ஃபீல்டுக்குப் பின்னாடி இருக்கு, மேட்ச் தொடங்குறதுக்கு 45 நிமிஷம் முன்னாடியே மூடிடுவாங்க. அங்க ரிட்டயர் பண்ணின ஜெர்சி நம்பர் எல்லாம் வரிசையா இருக்கும். 1ல இருந்து 9 வரைக்கும் ஒரு நம்பர் கூட இனி எந்த யாங்கீஸ் ஆட்டக்காரனும் போட முடியாது, அதுல கடைசியா அவங்களோட பெரிய ஸ்டார் டெரெக் ஜீட்டரோட 2ம் நம்பர் 2017ல போச்சு. மாமா அங்க ரொம்ப நேரம் நின்னார். “சச்சின் 10, தோனி 7, நம்மகிட்ட ரெண்டு தான் மாப்ள, இவங்க ஒரு சுவரே கட்டி வச்சிருக்காங்களே”ன்னார்.

மேட்ச் தொடங்கினதும் முதல் இன்னிங்ஸ்ல ரைட் ஃபீல்ட் பக்கம் 203வது செக்‌ஷன் ஆட்கள் ஒவ்வொரு ஃபீல்டர் பேரையும் அவன் திரும்பிக் கை காட்டுற வரைக்கும் கத்துவாங்க. லேட்டா போனா இது போச்சு. ஆரன் ஜட்ஜ் பேட் பண்ண வரும்போது மொத்த ஸ்டேடியமும் எழுந்துடும், 2022ல 62 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சு, மேஜர் லீக்கோட ரெண்டு பிரிவுல ஒண்ணான அமெரிக்கன் லீக்ல ரெக்கார்டை எடுத்தவர், அவ்வளவு உயரமான ஆளை நேர்ல பாத்தா தான் அந்த உருவம் புரியும்.

கிரிக்கெட் தெரிஞ்சவங்களுக்கு ஆட்டத்தை எப்படி சொல்லிக் குடுக்கிறதுனு நிறைய பேர் கேப்பாங்க. நான் ரூல் எல்லாம் முன்னாடியே ஒப்பிக்கல, மூணு விஷயம் மட்டும் சொன்னேன். மூணு அவுட்டுக்கு ஒரு தடவை பக்கம் மாறும், மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ், பந்து கோட்டுக்குள்ள போனா ஓடியே ஆகணும். மிச்சத்தை மாமாவே கேள்வி கேட்டு கேட்டு தெரிஞ்சுக்கிட்டார். அவருக்கு ரொம்ப நேரம் ஜீரணமாகாதது ஃபவுல் பால். “ஏட்டி, எவ்வளவு அழகா லேட் கட் அடிக்கான், அது ரன் இல்லையா?”னு பேத்திகிட்ட கேட்டார், அவ “பின்னாடி போனா செல்லாது தாத்தா, முன்னாடி தான் அடிக்கணும்”னு கையால அந்த ரெண்டு கோட்டையும் காட்டினா. அப்ப தான் அவருக்குப் பிடிபட்டது, சுத்தி எல்லாப் பக்கமும் அடிக்கலாம்ங்கற கிரிக்கெட்டோட சுதந்திரம் இங்க இல்ல, அதனால தான் வட்டப் பேட்டால முன்னாடி அடிக்கிறது இவ்வளவு கஷ்டம்னு. நாலாவது இன்னிங்ஸ்ல இருந்து ரெண்டு பேரும் சேர்ந்து ஸ்கோர்கார்டு எழுத ஆரம்பிச்சுட்டாங்க, அடிக்க வேண்டிய பந்தை மூணாவது தடவையும் தவற விட்டு அவுட் ஆகுற ஸ்ட்ரைக்அவுட்டுக்கு ‘கே’, பந்தை அடிக்காம நின்னே அவுட் ஆனா அதே ‘கே’வைத் திருப்பிப் போடணும். ஒரு பென்சிலும் ஸ்கோர்கார்டும் கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, பசங்க போனை எடுக்கவே மாட்டாங்க. போர் அடிக்கும்னு பயப்படுறவங்களுக்கு ஒரு வார்த்தை, 2023ல பந்து போட டைமர் வச்சதுக்கப்புறம் மேட்ச் சராசரியா 2 மணி 40 நிமிஷத்துல முடிஞ்சுடுது, ஒரு டி20யை விடக் குறைச்சல் தான்.

மாமா நியூயார்க்னதும் முதல்ல கேட்டது வேற ஒண்ணு, 2024 உலகக் கோப்பைல இந்தியா பாகிஸ்தான் ஆடுச்சே, நாம 119க்கு ஆல் அவுட் ஆகியும் ஜெயிச்சோமே, அந்த ஸ்டேடியம் எங்கனு. அது லாங் ஐலண்ட்ல ஐசன்ஹோவர் பார்க்ல தற்காலிகமா கட்டினது, போட்டி முடிஞ்சதும் பிரிச்சுட்டாங்க. அவர் முகம் வாடிடுச்சு. ஆனா சிட்டி ஃபீல்ட் போனப்ப அதை ஈடு கட்டிட்டேன். 2015 நவம்பர்ல சச்சின் டீமும் ஷேன் வார்ன் டீமும் அதே மைதானத்துல தான் ஆடினாங்க, நடுவுல பிட்ச்சை வெளிய செஞ்சு கொண்டு வந்து பதிச்சு. நம்ம முத்தையா முரளிதரன் அன்னிக்கு சச்சின் டீம்ல இருந்தார். இதைச் சொன்னதும் மாமா அந்தப் புல்லையே பாத்துட்டு, ஸ்ட்ரெய்ட் பவுண்டரி எந்தப் பக்கமா இருந்திருக்கும்னு அளக்க ஆரம்பிச்சுட்டார்.

சிட்டி ஃபீல்ட் போற நாள்ல காலைலயே கிளம்புங்க. 7ம் நம்பர்ல ஸ்டேடியத்துக்கு அடுத்த ஸ்டாப் தான் ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட், கடைசி ஸ்டாப். அங்கிருந்து இருபது நிமிஷ நடைல பௌன் ஸ்ட்ரீட்ல கணேசர் கோவில், 1977ல கும்பாபிஷேகம் ஆனது, கீழ்த்தளத்துல கேன்டீன். தரிசனம் முடிச்சு, தோசை சாப்பிட்டு, அப்படியே ஒரு ஸ்டாப் பின்னாடி வந்தா மேட்ச். வெஜிடேரியன் குடும்பத்துக்கு இதை விட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிஞ்சு எந்த ஸ்டேடியத்துக்கும் கிடையாது. மேட்ச் முடிஞ்சப்புறமும் இதே உத்தி உதவும், மேன்ஹாட்டன் பக்கம் போற பிளாட்ஃபார்ம்ல ஆயிரக்கணக்குல ஆள் நிப்பாங்க, நீங்க எதிர்ப்பக்கம் ஒரு ஸ்டாப் ஃப்ளஷிங் போய் நூடுல்ஸோ டீயோ சாப்பிட்டு, அங்க கிளம்புற ட்ரெயின்ல சீட் பிடிச்சு உக்காந்துட்டு திரும்பலாம்.

சிட்டி ஃபீல்ட் உள்ள நுழையற வட்ட மண்டபம் ஜாக்கி ராபின்சன் பேர்ல இருக்கு. 1947 ஏப்ரல் 15ல ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் டீம்ல இறங்கி, கறுப்பினத்தவரை மேஜர் லீக்ல சேர்க்காம வச்சிருந்த அந்தத் தடையை உடைச்சவர். அவரோட 42ம் நம்பரை 1997ல எல்லா டீமும் சேர்ந்து ரிட்டயர் பண்ணிடுச்சு, நீல கலர்ல பெரிய 42 அங்க நிக்குது. அவர் மெட்ஸுக்கு ஆடவே இல்லையே, அப்புறம் ஏன் இங்கனு பொண்ணு கேட்டா. டாட்ஜர்ஸும் ஜயன்ட்ஸும் 1957 சீசனோட ஊரை விட்டு கலிஃபோர்னியா போயிட்டாங்க, அந்த வெற்றிடத்துல 1962ல பிறந்தது தான் மெட்ஸ், அதனால தான் டாட்ஜர்ஸோட நீலத்தையும் ஜயன்ட்ஸோட ஆரஞ்சையும் கலரா எடுத்துக்கிட்டாங்க. இந்தக் கதையை ட்ரெயின்லயே பசங்களுக்குச் சொல்லிடுங்க, உள்ள நுழையும்போது அவங்க பாக்குற விதமே மாறிடும்.

அன்னிக்கு நடுவுல மழை வந்து மைதானத்தை தார்பாய் போட்டு மூடிட்டாங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல. நிறைய பேர் கிளம்பிட்டாங்க, நாங்க உள்பக்கம் கூரைக்குக் கீழ நின்னு காத்திருந்தோம், திரும்ப ஆடினாங்க. மேட்ச் மொத்தமா தள்ளிப் போச்சுனா அந்த டிக்கெட் மறுபடி ஆடுற நாளுக்கு செல்லும், உள்ளூர்க்காரங்களுக்கு அது போதும், வெளியூர்ல இருந்து வந்தவங்களுக்கு உபயோகமில்ல. தள்ளிப் போனதை பல தடவை அடுத்த நாளே சேர்த்து ஆடிடுவாங்க. அதனால பெரிய மேட்சை ஊருக்குக் கிளம்புற நாளுக்கு முந்தின ராத்திரி வைக்காதீங்க, பின்னாடி ஒரு நாள் காலியா இருக்கட்டும்.

கோனி ஐலண்ட் தான் எங்க எல்லாருக்கும் மனசுக்குப் பிடிச்சுது. ஏழாயிரம் பேர் உக்காரக்கூடிய சின்ன ஸ்டேடியம், ஒரு பக்கம் கடல், ரைட் ஃபீல்டுக்குப் பின்னாடி பாரசூட் ஜம்ப்னு ஒரு பெரிய இரும்பு கோபுரம். அது 1939 உலகக் கண்காட்சிக்காக ஃப்ளஷிங்ல, அதாவது இப்ப சிட்டி ஃபீல்ட் இருக்கிற பக்கத்துல கட்டி, 1941ல இங்க கொண்டு வந்தது. வாசல்ல ஜாக்கி ராபின்சன் தோள்ல, டாட்ஜர்ஸ்ல அவரோட சேர்ந்து ஆடின பீ வீ ரீஸ் கை போட்டு நிக்கிற சிலை. சிட்டி ஃபீல்ட்ல 42ம் நம்பரைப் பாத்துட்டு வந்து, அவர் ஆடின ப்ரூக்ளின்லயே இந்தச் சிலையைப் பாக்கும்போது என் பொண்ணு கேட்ட கேள்விகள் ஒரு ஸ்கூல் வருஷத்துல கேக்காதது.

இங்க ஆடுற பசங்க இருபது, இருபத்திரண்டு வயசுக்காரங்க, மெட்ஸ்ல ஒரு நாள் ஆடணும்னு கனவோட இருக்கிறவங்க. முன் வரிசைல உக்கார்ந்தா பந்து கிளவுஸ்ல விழுற சத்தம், அம்பயர்கிட்ட பேசுறது எல்லாம் காதுல விழும், டிக்கெட்டும் மேஜர் லீக் விலைல ஒரு சின்ன பங்கு தான். வலை இல்லாத பக்கம் உக்காந்தா மட்டும் கண்ணை பந்துல இருந்து எடுக்காதீங்க. மேட்ச் முடிஞ்சதும் சின்னவங்களை களத்துல இறங்கி பேஸ் சுத்தி ஓட விட்டாங்க, எங்க பொண்ணு வயசு தாண்டிடுச்சோனு தயங்கினா, வாசல்ல நின்ன ஆள் போ போன்னுட்டார். கடைசி முனையான ஹோம் பிளேட்டை மிதிச்சுட்டு வந்தவ முகத்தைப் பாத்து மாமா, “பெரிய ஸ்டேடியத்துல ஆட்டம் பாத்தோம் மாப்ள, இங்க தான் ஆட்டத்துக்குள்ள வந்திருக்கோம்”னார். ரெண்டு பெரிய மேட்ச் போதும், மூணாவதுக்கு காசு இருந்தாலும் இங்கயே வாங்கனு யார் கேட்டாலும் சொல்றேன்.

பை விஷயம் மறந்துட போறேன். மூணு இடத்துக்கும் சின்ன துணிப் பையோட போங்க, பேக்பேக் வேண்டாம், வாசல்ல திருப்பி அனுப்பினா வைக்க இடம் கிடையாது. சீல் உடைக்காத தண்ணி பாட்டில், ஆளுக்குத் தேவையான அளவு சாப்பாடு ட்ரான்ஸ்பரன்ட் கவர்ல, இதை பெரிய ஸ்டேடியங்கள்ல அனுமதிச்சாங்க, நாங்க தயிர் சாதமும் சப்பாத்தி ரோலும் கொண்டு போனோம். ரூல் சீசனுக்கு சீசன் மாறும், முந்தின நாள் ராத்திரி டீம் வெப்சைட்ல ஒரு தடவை பாத்துடுங்க.

அடுத்தது சிகாகோ. அங்க இன்னும் சுலபம், 1914ல கட்டின, கப்ஸ் டீமோட ரிக்லி ஃபீல்டும் வைட் சாக்ஸ் ஸ்டேடியமும் ஒரே ரெட் லைன் ட்ரெயின்ல, ஒண்ணு வடக்க ஆடிசன் ஸ்டாப், இன்னொண்ணு தெக்க 35வது தெரு. ரெண்டு காலண்டரையும் பக்கத்துல வச்சு பொண்ணு இப்பவே பென்சிலால வட்டம் போட ஆரம்பிச்சுட்டா, மாமாவோட டிக்கெட்டை எந்த மாசத்துக்குப் போடணும்னு அவ சொன்னதுக்கப்புறம் தான் நாங்க புக் பண்ணப் போறோம்.